60 லட்ச ஒப்பந்தமும் மாறிப்போன விலைக் குறியீடும்

2018 ஜூன் மாதம், பீன்யாவில் நான் கணக்கு பார்க்கும் பட்டறைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பெங்களூரின் இன்னொரு கோடியில், ஓசூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய தொழிற்சாலையின் கன்வேயர்களை நாங்கள்தான் பராமரித்து வந்தோம். வருஷத்துக்கு 60 லட்சம். “மொத்த விலைக் குறியீடு இறங்கிவிட்டதால், இந்த ஆண்டுக்கான தொகை 38.05 லட்சம்” என்று எழுதியிருந்தார்கள். மொத்த வியாபாரத்தில் பொருள்களின் விலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அரசு வெளியிடும் எண்தான் அந்தக் குறியீடு.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். கோவைக்காரர். மின்னஞ்சலைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். “ஏம்மா, எந்தச் சாமான் விலை இப்படி இறங்கியிருக்கு? பேரிங்கா, பெல்ட்டா, ஆள் கூலியா?” பதினோரு பேர் சம்பளம் அந்த ஒரு ஒப்பந்தத்தை நம்பி இருந்தது. எனக்குக் கை நடுங்கியது.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 2015 மே மாதம் கையெழுத்தானது. முதல் மூன்று வருஷம் ஒரே தொகை. நான்காம் வருஷத்திலிருந்து, முந்தைய நிதியாண்டின் குறியீட்டுச் சராசரியை 2014-15 சராசரியால் வகுத்து, வந்ததை 60 லட்சத்தால் பெருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 2014-15க்கு எழுதியிருந்த எண் 181.2. 2017-18க்கு வெளியான சராசரி 114.9. அவர்கள் கணக்குப் பிரிவு இரண்டையும் அப்படியே வகுத்துவிட்டது.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அன்று ராத்திரி வரை ஆனது. 181.2 என்பது 2004-05 விலைகளை 100 என்று வைத்துக் கணக்கிட்ட பழைய வரிசையின் எண். 114.9 என்பது 2011-12ஐ 100 என்று வைத்த புதிய வரிசையின் எண். அந்தப் புதிய வரிசையை 2017 மே மாதம்தான் வெளியிட்டார்கள். ஒன்றை அடியில் அளந்துவிட்டு இன்னொன்றை மீட்டரில் அளந்தால் எப்படி ஒப்பிட முடியும்?

இதற்கு வழி இருக்கிறது. குறியீட்டை வெளியிடும் பொருளாதார ஆலோசகர் அலுவலகமே, புதிய வரிசை எண்ணைப் பழைய வரிசை அளவுக்கு மாற்ற ஒரு இணைப்புக் காரணியும் தருகிறது. எல்லாப் பொருள்களுக்கும் சேர்த்து அது 1.561. 2011-12இல் பழைய வரிசையின் சராசரி 156.1, புதியதில் 100. அதிலிருந்து வந்த எண் அது. 114.9ஐ 1.561ஆல் பெருக்கினால் 179.4. அதை 181.2ஆல் வகுத்து 60 லட்சத்தால் பெருக்கினால் எங்களுக்கு 59.39 லட்சம் வந்தது. 38 லட்சம் என்ற பயம் போய்விட்டது. ஆனாலும் மூன்று வருஷம் கழித்தும் தொகை குறைகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

புதிய வரிசைக்கு 2012-13 முதலே பழைய மாதங்களின் எண்களும் கொடுத்திருந்தார்கள். அதில் 2014-15க்கு 113.9. சரி, இரண்டு முனைக்கும் புதிய வரிசையையே எடுத்தால்? 114.9ஐ 113.9ஆல் வகுத்தால் 0.9 சதவீதம் ஏற்றம், 60.53 லட்சம். ஒரே நாடு, ஒரே மூன்று வருஷம். ஒரு வழியில் விலை இறங்கியிருக்கிறது, இன்னொரு வழியில் ஏறியிருக்கிறது. எங்களுக்கு வித்தியாசம் 1.14 லட்சம்.

இது எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். என் அனுபவத்தில் முக்கியமான பகுதி அதுதான். அடிப்படை ஆண்டை மாற்றுவது என்றால் 100 என்ற புள்ளியை நகர்த்துவது மட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எந்தெந்தப் பொருள்களின் விலையைப் பார்ப்பது என்ற கூடையே மாறுகிறது. 676 பொருள்கள் 697 ஆயின. உள்ளே வந்தவற்றில் பாகற்காய், கேரட், வெள்ளரி இருந்தன. கன்வேயர் பெல்ட்டும் இருந்தது! நாங்கள் வருஷக்கணக்காக வாங்கி மாட்டும் சாமான் அப்போதுதான் கூடைக்குள் வந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ள எடையும், அதாவது மொத்தக் கூடையில் அதற்குள்ள சதவீதப் பங்கும், மாறியது. எரிபொருள், மின்சாரம் 14.91லிருந்து 13.15 ஆனது. விளைபொருளும் கனிமமும் சேர்ந்த முதன்மைப் பொருள்கள் 20.12லிருந்து 22.62 ஆயின.

இவற்றைவிடப் பெரிய மாற்றம் வரி. பழைய வரிசையில் கலால் வரியும் விலைக்குள் இருந்தது. புதியதில் மறைமுக வரிகளை எடுத்துவிட்டார்கள். உற்பத்தியாளர் கைக்கு வருகிற விலைக்கு அது நெருங்கி வந்தது. 2014 நடுவிலிருந்து கச்சா எண்ணெய் சரிந்ததை நினைத்துப் பாருங்கள். 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் பெட்ரோல், டீசல் கலால் வரியை ஒன்பது முறை ஏற்றினார்கள். வரியைச் சேர்த்துப் பார்த்த வரிசையில் சரிவு குறைவாகத் தெரிந்தது. 2015-16இல் பழைய வரிசை 2.5 சதவீதம் இறங்கியது, புதியது 3.7 சதவீதம். அடுத்த வருஷம் பழையது 3.7 சதவீதம் ஏறியபோது புதியது 1.7 சதவீதம்தான். இணைப்புக் காரணி இரண்டையும் 2011-12இல் மட்டும்தான் ஒட்டுகிறது. அதற்குப் பிறகு இரண்டும் தனித்தனி வழியில் போயிருக்கின்றன.

இதையெல்லாம் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, அலுவலக அறிவிப்பின் நகலோடு அனுப்பினேன். பதினைந்து நாள் பதில் இல்லை. அப்புறம் நேரில் போனோம். அவர்கள் தணிக்கைப் பிரிவில் இருந்த மேடம் பொறுமையாகக் கேட்டார். 38.05 தப்பு என்று உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் புதிய வரிசையை இரண்டு முனைக்கும் எடுக்க மறுத்தார். “ஒப்பந்தத்தில் 181.2 என்று எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதை நான் அடிக்க முடியாது. அரசு கொடுத்த காரணி இருக்கிறது, அதைத்தான் போட முடியும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எண்ணை எழுதிய இடத்தில் வரிசையின் பெயரை நாங்கள் எழுதவில்லை. மாறினால் என்ன செய்வது என்றும் எழுதவில்லை. அண்ணா 59.39க்குச் சம்மதித்தார். எனக்கு அன்று வருத்தம்தான்.

ஆனால் ஒன்று கேட்டு வாங்கினோம். இனி அடிப்படை 2017-18இன் 114.9, தொகை 59.39 லட்சம் என்று ஒரு திருத்தம். அடுத்த வருஷம் சராசரி 119.8 வந்தது. ஏப்ரல் 2019 முதல் 61.92 லட்சம் என்று ஒரு கடிதம்கூட இல்லாமல் பில் போனது.

அதற்குப் பிறகு மறுபடி அதே வேலை தொடங்கியது. 2025 ஜனவரியில், நிதி ஆயோக் உறுப்பினராக இருந்த ரமேஷ் சந்த் தலைமையில் ஒரு பணிக்குழு அமைத்தார்கள். அடிப்படையை 2022-23க்கு மாற்றுவதும், மொத்த விலைக் குறியீட்டிலிருந்து உற்பத்தியாளர் விலைக் குறியீட்டுக்கு நகர வழி சொல்வதும் அதன் பணி. அதனால் எங்கள் பட்டறையின் எல்லா ஒப்பந்தங்களிலும் இப்போது ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: ஒப்பிடும் இரண்டு மாதங்களுக்கும் ஒரே வரிசையின் எண்களையே எடுக்க வேண்டும், புதிய வரிசையில் தொடக்க மாதத்துக்கு எண் இல்லாவிட்டால் மட்டும் இணைப்புக் காரணி, குறியீடே நின்றுவிட்டால், அதன் இடத்தில் அரசு அறிவிக்கும் குறியீடு, அறுபது நாளுக்குள் இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு.