பழைய ஜென்னுக்குள் ஒரு டச் ஸ்கிரீன்: கரண்ட் படுத்திய பாடு

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, காரில் டச் ஸ்கிரீன் மாட்டும் வேலையின் கடைசி ஸ்குரூவை முறுக்கினேன். "ரெண்டே வாரம், முடிச்சுடுவேன்" என்று வீட்டில் சொன்னது பிப்ரவரியில். இப்போது மே பாதி போய்விட்டது. நடுவில் ஒரு ராஸ்பெர்ரி பை (உள்ளங்கையளவு கம்ப்யூட்டர்) பலகை செத்தது, இரண்டு மெமரி கார்டு போனது, பழைய கார் சாமான் தேடிப் புதுப்பேட்டைக்கு மூன்று தடவை அலைந்தேன், டேஷ்போர்டே இல்லாத வண்டியில் ஆபீஸுக்குப் போய் வாட்ச்மேனிடம் "என்ன சார், ஆக்சிடெண்டா?" என்று கேள்வியும் வாங்கினேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி 2004 மாருதி ஜென். அப்பா வாங்கியது. 2024-ல் எஃப்சி புதுப்பிக்க ஃபீஸ் மட்டுமே 5,000 ரூபாய் கட்டினோம், அதனால் இன்னும் சில வருடம் இதுதான். "பத்தாயிரத்துக்கு ஆண்ட்ராய்டு செட்டு கிடைக்குதே, அதை வாங்கி மாட்ட வேண்டியதுதானே" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் மேஜை டிராயரில் ஒரு ராஸ்பெர்ரி பை 4-ம் அதன் ஏழு அங்குல டச் ஸ்கிரீனும் சும்மா கிடந்தன, அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வியாதி இருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

மென்பொருள் வேலை ஒரே சாயங்காலம். கிராங்ஷாஃப்ட் என்கிற மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றினேன், போனைச் செருகினேன், போனின் மேப்பையும் பாட்டையும் கார் ஸ்கிரீனில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வந்தது. படம் தலைகீழாக வந்தது, அதற்குக் கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். மேஜையில் எல்லாம் ஜோராக ஓடியதால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பத்தில் ஒரு பங்குகூட முடிந்திருக்கவில்லை.

முதல் அடி அளவில் விழுந்தது. பழைய கார்களில் ஸ்டீரியோ பொந்து ஒற்றை டின், அதாவது 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். இரட்டை டின் என்றால் உயரம் 100. என் ஸ்கிரீன் வெளி விளிம்போடு 194-க்கு 110. ஆக இரட்டை டின் பொந்து இருந்தாலும் உள்ளே போகாது. வாங்குகிறவர்கள் "ஏழு அங்குலம்" என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அது படம் தெரியும் பகுதியின் மூலைக்கு மூலை அளவு, சட்டத்தின் அளவு இல்லை. நடு பேனலை அறுத்தாக வேண்டும். ஒரிஜினலை அறுக்க மனசு வரவில்லை, கெட்டுப்போனால் திரும்பிப் போக வழி வேண்டுமே. அதனால் பழைய பேனல் ஒன்று தேடிப் புதுப்பேட்டை.

போனில் "ஜென் சென்டர் பேனல் இருக்கா" என்று கேட்டேன், "இருக்கு சார், வாங்க" என்றார். அரை நாள் லீவு போட்டுப் போய்ப் பேரம் பேசி வாங்கி வந்து வைத்துப் பார்த்தால் ஒரு கிளிப்கூடப் பொருந்தவில்லை. அவர் கொடுத்தது ஜென் எஸ்டிலோ பேனல். பெயரில் மட்டும்தான் ஜென், அது வேறு வண்டி. திரும்பக் கொண்டுபோனால் "நீங்க எஸ்டிலோ இல்லைன்னு சொல்லலையே" என்கிறார். நான் அம்பாசடர் இல்லை என்றும்தான் சொல்லவில்லை! பாதிப் பணத்துக்கு மாற்றித் தந்தார், அதுவே பெரிய மனசு. பழைய சாமான் கடைக்குப் போனால் உங்கள் பேனலைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். அங்கிருந்து அப்படியே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கும் போய்விடலாம் என்று மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை கிளம்பியது என் சொந்த முட்டாள்தனம். தெரு முழுக்க ஷட்டர்.

அடுத்தது வயரிங். இதைப் பற்றித்தான் புலம்ப வேண்டும்.

கார் ஸ்டீரியோ வயர்களுக்கு ஒரு பொது மொழி உண்டு. மஞ்சள் நேரே பேட்டரியிலிருந்து வருவது, எப்போதும் கரண்ட் இருக்கும். சிவப்பு சாவி திருப்பினால் மட்டும். கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் ஸ்பீக்கர்கள். இதெல்லாம் படித்துவிட்டுப் பழைய ஸ்டீரியோவை இழுத்துப் பார்த்தால் பின்னால் ஒரு கருப்பு உருண்டை. இன்சுலேஷன் டேப். வெயிலில் உருகிப் பிசுபிசுவென்று பலாப்பழப் பிசின் மாதிரி கையில் ஒட்டியது. பிரித்துப் பார்த்தேன். பல வருடத்துக்கு முன்னால் ஸ்டீரியோ மாட்டிய கடைக்காரர், கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். சால்டரிங் கிடையாது. அதைவிட மோசம், சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கியிருந்தார், அதாவது சாவியை எடுத்தாலும் ஸ்டீரியோவுக்கு உயிர் இருந்துகொண்டே இருந்தது. பொங்கலுக்கு ஊருக்கு ரயிலில் போய்விட்டு நாலு நாள் கழித்து வந்தால் வண்டி செல்ஃப் எடுக்காது. நாங்கள் பேட்டரியைத் திட்டி, பேட்டரிக் கம்பெனியைத் திட்டி, இரண்டு பேட்டரி மாற்றிவிட்டோம். குற்றவாளி இந்தப் பிசின் உருண்டைக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

நான் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தேன், 12.4 வோல்ட் காட்டியது, சரி என்று கார் சார்ஜர் வழியாகப் பையை இணைத்தேன், ஸ்கிரீன் ஒரு நொடி மினுங்கி அணைந்தது. மறுபடி மீட்டர் வைத்தால் 12.4. ஒரு மணி நேரம் இதே கூத்து. கடைசியில் தெருமுனையில் இருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டரைத் தொடவே இல்லை. ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு, அதில் இரண்டு வயர், ஒரு முனையில் முதலைக் கிளிப். அதை மஞ்சளில் வைத்தார். பல்பு சோம்பேறித்தனமாகச் சிவப்பாக எரிந்தது.

"மீட்டர் சும்மா எட்டிப் பார்க்கும் தம்பி. பல்புதான் வேலை வாங்கும்" என்றார்.

விஷயம் இதுதான். மீட்டர் கரண்டைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை, அதனால் பச்சை பூத்த முறுக்கு வழியாகக்கூட முழு வோல்ட் தெரியும். பல்பு நிஜமாகவே கரண்ட் கேட்கும், அப்போது அந்த அழுகின முறுக்கிலேயே வோல்ட் விழுந்துவிடும். நூறு ரூபாய்கூட ஆகாத இந்த டெஸ்ட் பல்பு இல்லாமல் பழைய காரின் வயரைத் தொடாதீர்கள். எல்லா முறுக்கையும் வெட்டி எறிந்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். ஆன்டெனா வயர் மட்டும் எதிலும் சேராமல் கிடந்தது. டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன்.

பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். சிகரெட் லைட்டரில் செருகும் போன் சார்ஜரால் ஓட்டிவிடலாம் என்று நினைத்ததில் ஒரு வாரம் வீண். ஸ்கிரீன் மூலையில் மின்னல் குறி வந்துகொண்டே இருந்தது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை அப்படித்தான் அழும். சார்ஜர் பக்கம் 5.1, பை பக்கம் 4.6. மிச்சத்தை ஒரு மீட்டர் நீள ஒல்லி கேபிள் தின்றுவிட்டது. சரி என்று கடையில் கேட்டால், வோல்ட்டைக் குறைத்துத் தரும் மாற்றியான எல்எம்2596 மாடியூலைக் கொடுத்து "மூணு ஆம்ப் தாங்கும் சார்" என்றார்கள். சிப்பின் தகவல் தாளில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இல்லாமல், மூடிய டேஷ்போர்டுக்குள், சென்னை ஏப்ரலில் மூன்று ஆம்ப் என்பது கதை. பத்தாவது நிமிடத்தில் விரல் வைத்தேன், கொப்புளம். கடைசியில் 5 ஆம்ப் தாங்கும் வோல்ட் மாற்றி ஒன்றை வாங்கி, தடிமனான வயரில், ஒரு சாணுக்கு மேல் போகாமல் இணைத்த பிறகுதான் மின்னல் ஓய்ந்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. சாவியை அணைத்தால் பை பட்டென்று சாகிறது. கம்ப்யூட்டரைத் தினமும் நாலு தடவை பிளக்கைப் பிடுங்கி அணைத்தால் என்ன ஆகும்? மெமரி கார்டு கெடும். முதல் கார்டு செங்கல்பட்டு தாண்டிப் போனபோது, மேப் தேவைப்பட்ட நேரத்தில் போனது. இன்னொரு தொல்லை, செல்ஃப் அடிக்கும்போது வண்டி ஸ்டீரியோ லைனை ஒரு நொடி துண்டித்துவிடும், பேட்டரியும் பத்து வோல்ட் பக்கம் இறங்கும். ஆக ஒவ்வொரு தடவையும் பை எழுந்து, செத்து, மறுபடி எழும்.

இதற்கு நான் செய்தது: கரண்ட் மஞ்சள் வயரிலிருந்து. சிவப்பு வயர் வெறும் தகவலுக்கு மட்டும், சாவி இருக்கிறதா இல்லையா என்று பையின் ஒரு பின்னுக்குச் சொல்ல. அது இருபது நொடி விடாமல் அணைந்திருந்தால் பை தானாக ஒழுங்காக மூடிக்கொள்ளும், டைமர் ரிலே அறுபதாவது நொடியில் மொத்தமாகத் துண்டிக்கும். செல்ஃப் அடிக்கும் ஒரு நொடி இருபதுக்குள் அடங்கிவிடுவதால் அந்தத் தொல்லையும் தீர்ந்தது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்ப் ஃபியூஸ். இதை மட்டும் "அப்புறம் போடலாம்" என்று விடாதீர்கள், உரசிப் போன வயர் ஒன்று போதும் வண்டி எரிய.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், மஞ்சள் வயரின் நுனிக்கு டேப் சுற்றாமல் டார்ச்சை எடுக்கத் திரும்பினேன். முழங்கை பட்டது, வயர் பலகைமேல் விழுந்தது, 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். சிவப்பு விளக்கு அணைந்தது, ஒரு மாதிரி கருகல் வாசனை. நான் அப்படியே டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். புதுப் பலகை வாங்கியதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இப்போது நடுவில் பிசி817 ஆப்டோகப்ளர் (வயர்கள் நேராகத் தொடாமல் ஒளியால் மட்டும் சேதி கடத்தும் சிப்) இருக்கிறது, விலை ஒரு டீக்குக்கூட ஆகாது. அதோடு கார்டில் எதுவும் எழுதாதபடி ஓவர்லே அமைப்பையும் போட்டுவிட்டேன், அதற்கு முன்னால் இரண்டாவது கார்டும் போயிருந்தது.

ஸ்பீக்கரில் 'கீ...ங்' என்று ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் மிதித்தால் அதுவும் சுருதி ஏறும். ஆல்டர்னேட்டர் கச்சேரி. பைக்கு ஒரு எர்த், ஆம்பிளிஃபையருக்கு வேறொரு எர்த் கொடுத்ததுதான் காரணம். இரண்டையும் பெயின்ட் சுரண்டிய ஒரே போல்ட்டில் கட்டியதும் முக்கால்வாசி அடங்கியது, மிச்சத்துக்கு, எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். ஸ்பீக்கரின் மைனஸை மட்டும் பாடியில் கட்டிவிடாதீர்கள், இப்போதைய ஆம்பிளிஃபையர் சிப்புகள் அதில் புகைந்துவிடும்.

அப்புறம் வெயில். ஸ்கிரீனைச் சுற்றி அழகாக ஒரு சட்டம் 3டி பிரிண்ட் எடுத்திருந்தேன், கருப்பு பிஎல்ஏ பிளாஸ்டிக்கில். மாட்டிய அன்று தெருவில் எல்லோருக்கும் காட்டினேன். மறுநாள் ஆபீஸ் வாசலில் திறந்த வெயிலில் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து, ஒரு மூலை ஸ்கிரீனை விட்டு விரலளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பிஎல்ஏ அறுபது டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் மறுபடி அச்செடுத்தேன், நூறு டிகிரி வரை அசையாது. சட்டத்துக்கு மேல் பக்கம் நாலு ஓட்டையும் போட்டேன், ஏனென்றால் பையின் சிப் எண்பது டிகிரி தொட்டாலே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

சின்னச் சின்ன சந்தோஷங்களும் உண்டு. ஹெட்லைட் போட்டால் ஸ்கிரீன் வெளிச்சம் தானாக மங்கும்படி அந்த லைனையும் இன்னொரு ஆப்டோகப்ளர் வழியாக இழுத்தேன், முதல் தடவையே வேலை செய்தது. இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையே வேலை செய்த ஒரே விஷயம் அதுதான். பை 4-க்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது என்பதால் காலையில் ஏறினால் நேற்று அணைத்த நேரத்தைக் காட்டும், டிஎஸ்3231 கடிகார மாடியூல் போட்டுச் சரிசெய்தேன்.

இன்று காலை அப்பாவைக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். சாவியைத் திருப்பினேன், ஸ்கிரீன் ஒளிர்ந்தது, மேப் வந்தது, ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்கிரீனின் ஒரு ஓரத்தைத் தொட்டார், இன்னொரு ஓரத்தைத் தொட்டார்.

"எல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. ரேடியோ எங்க? 101.4 எப்படி வைக்கிறது?"

பையில் எஃப்எம் ட்யூனர் கிடையாது. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட எனக்கு அது தோன்றவில்லை. டேப் சுற்றி உள்ளே தள்ளிய அந்த ஆன்டெனா வயர் ஞாபகத்துக்கு வந்தது. அதை எடுக்க ஸ்கிரீன், சட்டம், பேனல் மூன்றையும் மறுபடி கழற்ற வேண்டும். யூஎஸ்பியில் செருகும் எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று வாங்கினால் எஃப்எம் பிடிக்கலாம் என்கிறார்கள். சனிக்கிழமை ரிச்சி தெரு. ஞாயிறு இல்லை.