பாக்கெட்டில் வைக்கும் சைக்கிள் டூல்

போன ஞாயிறு அதிகாலை ஈசிஆரில் கோவளம் தாண்டியதும், கூட வந்த தம்பியின் சைக்கிளில் செயின் அறுந்துவிட்டது. அவனிடம் பதினெட்டு வேலை செய்யும் மல்டி டூல் இருந்தது. கத்தி, பாட்டில் ஓப்பனர் எல்லாம் உண்டு, செயின் கட்டர் மட்டும் இல்லை. என்னுடையதில் இருந்தது. கெட்டுப்போன கண்ணியைக் கழற்றி, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் குயிக் லிங்க் போட்டு, பத்து நிமிடத்தில் கிளம்பினோம்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். முதலில் உங்கள் சைக்கிளைச் சுற்றி வந்து ஒவ்வொரு போல்ட்டையும் பாருங்கள். சீட், ஹேண்டில் பார், பாட்டில் கூடு எல்லாம் பெரும்பாலும் 4, 5 மி.மீ. ஆலன் கீயில் (அறுகோணச் சாவி) அடங்கிவிடும். சில இடங்களில் 6 வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் டி25 நட்சத்திரக் கீயும் இருக்கட்டும், ரோட்டரை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டைப் பிடிக்கும் போல்ட் பல வண்டிகளில் அதுதான். குயிக் லிங்கையும் உங்கள் செயினுக்கு ஏற்றதாக வாங்குங்கள், 10 ஸ்பீடு (பின்னால் 10 பல்சக்கரம்) லிங்க் 11 ஸ்பீடு செயினுக்குச் சரிவராது.

அப்புறம் நீளம். குட்டி டூல் பாக்கெட்டில் அழகாக உட்காரும், ஆனால் இறுகிய போல்ட்டைத் திருப்பப் பிடிமானம் கிடைக்காது. குழிக்குள் இருக்கும் போல்ட்டை எட்டவும் எட்டாது. வீட்டிலேயே ஒருமுறை எல்லாப் போல்ட்டிலும் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கடற்கரைக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும். டூல் நனைந்தால் அன்றே துடைத்து, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். என்னுடையது ஆறு வருடமாக உழைக்கிறது.