சுந்தரவனத்துல போன்பீபியைத் தேடி

சுந்தரவனம் போறவங்க முக்காவாசி பேர் புலி பாக்கத்தான் போறாங்க, எனக்கு அதைவிட அந்தக் காட்டுக்குக் காவல் தெய்வமா அங்க கும்பிடற போன்பீபியைப் பாக்கணும்னுதான் ரொம்ப நாளா ஆசை. கொல்கத்தா சியால்டால கேனிங் லோக்கல் ட்ரெயின், அங்கேருந்து ஷேர் ஆட்டோல கோட்காலி, படகுல ஆத்தைத் தாண்டுனா கோசாபா, அப்புறம் டோட்டோங்கிற பேட்டரி ரிக்ஷா புடிச்சு பாகிராலய். எதிர்க்கரைல சஜ்னேகாலி, காடு அங்கதான் ஆரம்பிக்குது.

ஆத்தோரக் கரைமேல சின்னதா ஒரு கோயில். உள்ள புலிமேல உக்காந்திருக்கா போன்பீபி, மடியில ஒரு பையன், அவன் பேரு துக்கே, பக்கத்துல கையில கதாயுதத்தோட அவ தம்பி ஷா ஜங்கலி. மெக்காலேருந்து வந்த ஃபக்கீரோட புள்ளைங்க இவங்க ரெண்டு பேரும், காட்டுல பொறந்து, மான் பால் குடிச்சு வளந்து, மதீனா போய் ஆசி வாங்கிட்டு திரும்ப, கடல் தண்ணி ஏறி எறங்குறதால பதினெட்டு ஓத நாடுன்னு சொல்ற இந்த சுந்தரவனத்துக்கே காவலா வந்தாங்கன்னு கதை. அவளுக்குத்தான் இங்க இந்துக்கள் பத்தி கொளுத்தி பூசை பண்றாங்க, முஸ்லிம்கள் நேர்ந்துக்கிட்டு சின்னிங்கிற இனிப்பைப் படைக்கிறாங்க.

கதை எழுதியிருக்கிற புத்தகத்துக்கு போன்பீபி ஜொஹுராநாமான்னு பேரு, 19ஆம் நூற்றாண்டுல முன்ஷி முகம்மது காதெர் எழுதுனதைத்தான் ஊர் பூரா வச்சிருக்காங்க. ஒரு வீட்டுத் திண்ணைல ஒரு பெரியவர் எடுத்துக் காட்டுனார், துளசி மாடம் இருக்கிற வீடு அது. மட்டமான பேப்பர், ஓரமெல்லாம் நைஞ்சு போயிருக்கு, அரபிப் புத்தகம் மாதிரி பக்கத்தை வலப்பக்கத்துலேருந்து திருப்பணும் ஆனா உள்ள எழுத்து வங்காளம், வரி இடமிருந்து வலமாத்தான் ஓடுது. அல்லாவைத் துதிச்சுட்டுதான் பாட்டு ஆரம்பிக்குது. அவர் அதை ராகத்தோட தயக்கமே இல்லாம படிச்சார், எனக்கு அங்கேயே கண்ணு கலங்கிடுச்சு.

கதைல தொக்கின் ராய்னு ஒருத்தன் புலி உருவம் எடுத்து மனுஷனைத் திங்கிறவன். தேனும் மெழுகும் வேணும்னு பேராசைப்பட்ட தோனாங்கிற வியாபாரிகிட்ட அவன் பேரம் பேசுறான், கப்பல் நெறைய தேன் தர்றேன் அந்த ஏழைப் பையன் துக்கேயை எனக்கு விட்டுட்டுப் போன்னு. தோனா விட்டுட்டுப் போயிடறான். பையன் அம்மான்னு போன்பீபியைக் கூப்பிடறான், அவ வந்து காப்பாத்தி முதலை முதுகுல ஏத்தி வீட்டுக்கு அனுப்புறா. ஆனா தொக்கின் ராயை அவ கொல்லல பாருங்க, சமாதானம் பண்ணி காட்டுல அவனுக்கும் பங்கு குடுக்கிறா. இதுலேருந்துதான் கட்டுப்பாடெல்லாம் வருது: காட்டுக்குள்ள வெறுங்கையோட சுத்தமான மனசோட போகணும், தேவைக்கு மேல எடுக்கக் கூடாது. ஏப்ரல்ல தேன் எடுக்கப் போற மௌலேக்கள் எந்த மதமா இருந்தாலும் இதே விதிதான், கூட மந்திரம் தெரிஞ்ச ஃபக்கீர் ஒருத்தரும் போவார், அந்த மந்திரத்துல அல்லா பேரும் வரும். வீட்ல இருக்கிற பொண்டாட்டிங்க புருஷன் திரும்புற வரைக்கும் தலைக்கு எண்ணெய் வைக்காம விரதம் மாதிரி இருக்காங்க.

மத நல்லிணக்கம்னு மேடைல பேசுறாங்களே, அந்த மாதிரி யோசிச்சுப் பண்ணுனது இல்ல இது. சேத்துல எறங்குறவனுக்கு புலி ஒண்ணுதான், பயம் ஒண்ணுதான், அதனால கூப்பிடற அம்மாவும் ஒருத்திதான். வங்காளத்துல இது புதுசும் இல்ல, ரெண்டு மதத்துக்காரங்களும் கும்பிடற சத்யபீர்ங்கிற மகானைப் பத்தின பாட்டுகளை இந்துக் கவிஞர்களும் முஸ்லிம் கவிஞர்களும் எழுதியிருக்காங்க, 18ஆம் நூற்றாண்டு பாரத்சந்திர ராய் கூட எழுதியிருக்கார், அந்த பீருக்குப் படைக்கிற பாலும் வாழைப்பழமும் மாவும் சேத்த சின்னியைத்தான் சத்யநாராயண பூசைக்கும் வைக்கிறாங்க. இதைப் பிரிச்சு இது உன்னுது அது என்னுதுன்னு சொல்றவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க, அவங்க பேச்சு ஜெயிச்சுடக் கூடாதுன்னு மனசார வேண்டிக்கிறேன்.

போறதா இருந்தா ஜனவரி நடுவுல, மகர சங்கராந்தியை ஒட்டிப் போங்க, கிராமத்துல பூசை களைகட்டும். லாட்ஜ்ல டூரிஸ்ட்டுக்காக சுருக்கிப் போடற நாடகத்தோட திரும்பிடாதீங்க, ஊருக்குள்ள ராத்திரி இந்தக் கதையைப் பாட்டும் நடிப்புமா சொல்ற பாலாகான் முழுசா நடக்கும். துக்கேயை அவன் அம்மா கப்பலுக்கு அனுப்பி வைக்கிற எடத்துல பாய்ல உக்காந்திருக்கிற பொம்பளைங்க வாய்விட்டு அழறாங்க, அதுல பல பேர் வீட்ல காட்டுக்குப் போறவங்க இருக்காங்க.