மலைக்கு அந்தப்புறம் ஒரு ஜாதிக்காய்த் தோட்டம்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வருகிற நம் ஆட்கள் ஜார்ஜ் டவுன், தண்ணீர்மலை முருகன், பத்து ஃபெரிங்கி கடற்கரை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தீவின் மேற்கே இருக்கிற பாலிக் புலாவ் யார் கணக்கிலும் வருவதில்லை. ஜார்ஜ் டவுனில் கொம்தார் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினால் பாயான் லெப்பாஸ் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரலாம். அங்கே மலைச்சரிவில் அப்பாவின் பழைய நண்பர் குடும்பம், பலாவைப் போல முள்தோல் கொண்ட டுரியான் பழமும் ஜாதிக்காயும் வைத்திருக்கிறது. அந்த நண்பரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பருவத்துக்கு அவர்கள் வீட்டில்தான் தங்கினேன்.

தோட்டம் என்றதும் வரிசை பிடித்து நட்ட ரப்பர் மரங்களை நினைக்க வேண்டாம். நிற்கவே கால் வழுக்குகிற சரிவில் டுரியான், ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தீன் எல்லாம் கலந்து நிற்கின்றன. இங்கே டுரியானைப் பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழ வேண்டும். உருண்டு பள்ளத்தில் போகாமலிருக்க மரத்தடியில் வலை கட்டியிருக்கிறார்கள். விடியுமுன்னே மாமா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு கிளம்பிவிடுவார். வௌவாலை மட்டும் யாரும் விரட்டக் கூடாது, அது அவர் வீட்டுச் சட்டம். டுரியான் பூ இரவில் விரிகிறது, அதில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும் பங்கு வௌவாலுக்குத்தான்.

"இனிப்பை முதல்ல சாப்பிடும்மா. கசப்பை முதல்ல தின்னா அப்புறம் இனிப்பு தெரியாது" என்று மாமா டுரியான் பழங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தார். வயதான மரத்துப் பழத்தில் கசப்போடு நாக்கு லேசாக மரத்துப்போகும் ஒரு சுவை இருக்கிறது. விழுந்த சில மணி நேரத்துக்குள் சாப்பிட்டால்தான் அது முழுசாகக் கிடைக்கும். கோலாலம்பூரில் நான் காசு கொடுத்து வாங்கியதில் அது இருந்ததே இல்லை.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது ஜாதிக்காய்தான். நம் பாட்டிமார் பிள்ளைகளுக்கு உரைமருந்தில் இழைத்துக் கொடுத்த அதே காய். மரத்தில் இருக்கும்போது எலுமிச்சை நிறத்தில், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. முற்றினால் தானே வெடிக்கும். உள்ளே பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டை, அதைச் சுற்றி இரத்தச் சிவப்பில் வலைபோல ஜாதிபத்திரி. அத்தை கட்டைவிரல் நகத்தை அடியில் கொடுத்து, கிழியாமல் ஒரே சுற்றில் அதைக் கழற்றுகிறார். பத்திரி ஒரு தட்டு, கொட்டை ஒரு தட்டு. கொட்டை வாரக்கணக்கில் காய வேண்டும். ஆட்டினால் உள்ளே பருப்பு குலுங்கிச் சத்தம் கேட்டால் பதம். மேல் சதையும் வீணாவதில்லை. அது சாறாகும், சர்க்கரையில் ஊறும், பாட்டி கைப்பட்டால் நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் போட்ட ஊறுகாயாகும். அந்த ஊறுகாய்க்குத் தயிர்சாதம் போதும்.

இந்த மரம் இந்த மண்ணில் பிறந்ததல்ல. இந்தோனேசியாவின் பண்டா தீவுகள்தான் அதன் தாய்வீடு. 1786ல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய பிறகு, 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி, பண்டா அடங்கிய மொலுக்காஸ் தீவுக்கூட்டத்திலிருந்து நாற்றுகளைக் கொண்டுவந்தது. 1860 வாக்கில் நோய் தாக்கி, அந்த நாற்றுகளிலிருந்து எழுந்த பெருந்தோட்டங்கள் அழிந்தன. இன்று இந்தச் சரிவுகளில் ஜாதிக்காயைக் காப்பாற்றி வருவது இப்படிப்பட்ட சிறு குடும்பங்கள்தான். இவர்களுக்கு நாம் போதிய மரியாதை செய்யவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த வீட்டு அக்கா ஓவியர். முதலில் ஊறுகாய் போத்தல் லேபிளுக்காக வரையத் தொடங்கியிருக்கிறார். இப்போது கூடத்துச் சுவர் முழுக்க அவருடைய நீர்வண்ணங்கள்தான். பூச்சி அரித்த இலை, வெடித்த காய், எல்லாம் உள்ளது உள்ளபடி. ஜாதிபத்திரியின் சிவப்பு காயக் காய ஆரஞ்சாகி, கடைசியில் வெளுத்த பழுப்பாகிவிடும். அதனால் அத்தை உரிக்கிற திண்ணையிலேயே அக்காவும் தூரிகையோடு உட்கார்ந்துவிடுகிறார். "நாளைக்கு வரையலாம்னு வச்சா இந்தச் சிவப்பு எனக்குக் கிடைக்காது" என்றார். சோறு ஆறிக் கிடந்தது, யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நட்டுச் சில வருடம் கழித்துப் பூத்தால்தான் எது என்று தெரியும். காய்க்காத ஆண் மரத்தைப் பெரும்பாலும் வெட்டிவிட்டு, மகரந்தத்துக்கு ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைப்பார்கள். மாமா வெட்டிய மரங்களின் பூக்களும் அக்காவின் சுவரில் இருக்கின்றன.

அந்த வீட்டுத் தம்பிக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. மாலையில் வந்து கூடை சுமந்துவிட்டு, காயவைக்கும் கொட்டகையில் நண்பர்களோடு உறுமி அடிப்பான். தைப்பூசத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, ஆனால் அவர்கள் பயிற்சியை விடுவதில்லை. வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து அவன் எழுப்புகிற முனகல் மலை முழுக்கக் கேட்கும்.

கிராம்பை மொட்டாகவே பறித்துக் காயவைக்க வேண்டும், பூத்துவிட்டால் விலை போகாது. அதனால் இத்தனை வருடத்தில் அக்கா கிராம்புப் பூவை நிதானமாகப் பார்த்து வரைந்ததே இல்லையாம். அடுத்த பூப்புக்கு ஒரு கிளையை விட்டுவைக்கச் சொல்லி மாமாவிடம் கேட்டிருக்கிறார். "ஒரு கிளை போனா என்ன, வரைஞ்சுக்கோ" என்று அவரும் சம்மதித்துவிட்டார். பூ விரிந்ததும் படத்தை எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார் அக்கா.