எங்கள் தெருவுக்கு ஒரு நாள் வாங்கிய கதை

நியூஜெர்சியில் நாங்கள் இருப்பது ஒரு முட்டுச்சந்து. மொத்தம் 14 வீடுகள். குடிவந்து 6 வருடம் ஆகியும் எனக்குப் பெயர் தெரிந்தது 4 வீட்டுக்காரர்களைத்தான். மற்றவர்கள் எல்லாம் ‘நீல ஹோண்டாக்காரர்’, ‘நாய்க்கார அம்மா’ என்ற கணக்குத்தான். இந்த லட்சணத்தில் 2024-இல், ‘நல்ல அண்டை வீட்டார் தினத்தை’ எங்கள் டவுன்ஷிப் (உள்ளூர் நகராட்சி மாதிரி) முறைப்படி அறிவிக்க வேண்டும், அன்றைக்குத் தெருவை மறித்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று கிளம்பினேன்.

இந்த நாள் பலருக்குத் தெரியாது. மான்டனா மாநிலத்தின் லேக்சைடு என்ற சிற்றூரைச் சேர்ந்த பெக்கி மாட்சன் 1970-களின் தொடக்கத்தில் கிளப்பிவிட்ட யோசனை. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பிரகடனம் வெளியிட்டார். அப்போது செப்டம்பரின் நான்காம் ஞாயிறு. பிற்பாடுதான் செப்டம்பர் 28 என்று நிலைத்தது. லீவெல்லாம் கிடையாது.

வேண்டியவை இரண்டு காகிதங்கள்: மேயரின் பிரகடனம், தெருவை மறிக்க அனுமதி. பிரகடனத்தின் வாசகத்தைக் கேட்பவரே எழுதித் தர வேண்டும். நான் பள்ளி ஆண்டு விழா வரவேற்புரை மாதிரி ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்ப, அப்படியே திரும்பி வந்தது. அரைப் பக்கம்தானாம், ஒவ்வொரு பத்தியும் ‘வேர்ஆஸ்’ (Whereas) என்றுதான் தொடங்க வேண்டுமாம். நம்மூர்ப் பத்திர எழுத்தரை நினைத்துக்கொண்டு ‘ஆதலால், ஆதலால்’ என்று மனதுக்குள் சொல்லியபடியே எழுதினேன், சரியாக வந்துவிட்டது. கவுன்சில் கூடுவது இரண்டாம், நான்காம் செவ்வாய்களில். 28 சனிக்கிழமை என்பதால் 24-ஆம் தேதியே வாசித்துவிடலாம் என்றார்கள். கார்ட்டர் அறிவித்த அந்த ஞாயிறும் 24-ஆம் தேதிதான். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மனைவியிடம் சொன்னேன், “சரி” என்றாள்.

தெரு அனுமதிதான் பெரிய பாடு. முக்கால்வாசி வீடுகளின் கையெழுத்து வேண்டும், அதாவது 11. முதல் நாள் மாலை கையில் அட்டையும் பேனாவுமாகப் போனேன். மூன்றாவது வீட்டில் மணி அடித்ததும் கதவு திறக்கவில்லை, காலிங் பெல் கேமராதான் பேசியது: “எங்களுக்கு சோலார் வேண்டாம், நன்றி.” சோலார் பேனல் விற்க வந்தவன் இல்லை, எதிர்வீட்டுக்காரன் என்று அந்தக் கேமராவிடமே விளக்க வேண்டியதாயிற்று. மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கதவுகள் சட்டென்று திறந்தன.

பத்தாவது கையெழுத்து மூலைவீட்டுப் பெரியவருடையது. 1980-களிலிருந்தே இங்கே இருக்கிறாராம். படிவத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் கராஜுக்குள் போனார். பரணிலிருந்து ஒரு பழைய வாலிபால் வலையை இழுத்துக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் வருடாவருடம் இந்தத் தெருவில் விருந்து நடக்குமாம். முன்னின்று நடத்திய குடும்பம் வீடு மாறிப் போனதும் நின்றுவிட்டதாம். அடுத்த வீட்டுக்கு அவரே என்னோடு நடந்து வந்தார். பதினொன்று ஆயிற்று. ஒருவர் மட்டும் கடைசிவரை போடவில்லை. இரவு வேலை பார்ப்பவர், சனிக்கிழமை பகலில் தூங்க வேண்டும் என்றார். நியாயம்தானே? பன்னிரண்டு மணி என்றிருந்ததை நான்கு மணிக்கு மாற்றினோம். அப்போதும் அவர் போடவில்லை.

அப்புறம் மேசைகளை ஒரு பக்கமாகவே போட்டு, தீயணைப்பு வண்டி நுழைய வழி விட வேண்டும் என்ற விதி, வீட்டு இன்ஷூரன்ஸ் நகல் என்று சில்லறை வேலைகள். அனுமதிச் சீட்டு ஒருவர் மேசையில் கிடந்தே ஒரு வாரம் போனது. வியாழக்கிழமை நானே போன் போட்டுக் கேட்டதும்தான் கிடைத்தது. ஈமெயிலை நம்பிக் காத்திருக்காதீர்கள். மறிப்புக் கட்டைகளை வெள்ளியன்று கொண்டுவந்து என் புல்வெளி ஓரம் அடுக்கிவிட்டுப் போனார்கள். வைப்பதும் எடுப்பதும் நம் வேலை.

பிரகடன வாசிப்பு இரண்டே நிமிடம். சட்டப்படி அதற்கு எந்த வலுவும் இல்லை, அடுத்த வருடம் புதிதாகக் கேட்க வேண்டும். தங்க முத்திரை, மேயரின் கையெழுத்து எல்லாம் பளபளவென்று இருந்தன. எங்கள் தெருப் பெயரில் மட்டும் ஓர் எழுத்து தப்பு. வேறு அச்சடித்துத் தருகிறோம் என்றார்கள். பெரியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரேம் போட்டு அவர் கராஜில்தான் மாட்டியிருக்கிறது, வலைக்குப் பக்கத்தில்.