இரண்டாவது படகில் மூன்றாம் இருக்கை

கேம்பிரிட்ஜில் ஓராண்டு எம்.ஃபில். படிக்கப் போனபோது எனக்குத் தண்ணீரோடு இருந்த ஒரே சம்பந்தம், சின்ன வயதில் தாமிரபரணியில் நீந்தியதுதான். அக்டோபர் முதல் வாரத்தில் புது மாணவர்களை ஒவ்வொரு கிளப்பும் கூவி அழைக்கும். என் கல்லூரிப் படகு கிளப்காரர்கள் ஆளைப்போல இரண்டு மடங்கு நீளத்தில் ஒரு துடுப்பைச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் ஐந்தடி ஐந்தங்குலம், 60 கிலோ. பார்த்ததுமே, “காக்ஸ் ஆகிறாயா?” என்று கேட்டார்கள். காக்ஸ் என்பவர் படகைத் திருப்புபவர், கட்டளை கொடுப்பவர். ஒல்லியாகவோ குள்ளமாகவோ இருந்தால் இந்த அழைப்பு உங்களுக்கும் நிச்சயம் வரும். நல்ல வேலைதான், ஆனால் எனக்குத் துடுப்பு வலிக்க ஆசை. சரி, வா என்றார்கள்.

நீங்களும் அங்கே படிக்கப் போய்த் துடுப்பு வலிக்க நினைத்தால், போகும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக அணி வேறு, கல்லூரி அணி வேறு. 1829-இல் தொடங்கி, இப்போது தேம்ஸ் நதியில் பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை 6.8 கிலோமீட்டர் ஆக்ஸ்போர்டோடு மோதுகிறார்களே, அது பல்கலைக்கழக அணி. அங்கே வரும் ஆண்களில் பலர் 2,000 மீட்டரை எர்க் என்கிற துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் ஆறு நிமிடத்தை ஒட்டி முடிப்பவர்கள். பள்ளி நாளிலிருந்தே வலிப்பவர்கள். கல்லூரிகளிலோ, துடுப்பைத் தொட்டே இராதவர்களுக்காக ‘நாவிஸ்’ படகுகள் தனியாக உண்டு. நான் போனது அதற்குத்தான். நம் ஊரிலிருந்து போகிற பெரும்பாலானோருக்கு அதுதான் சரியான வாசல் என்பது என் எண்ணம்.

முதலில் நீச்சல் தேர்வு. என் கிளப்பில் உடுப்போடு 50 மீட்டர் நீந்தி, இரண்டு நிமிடம் மிதக்கச் சொன்னார்கள். என் நீச்சலில் எந்த ஸ்டைலும் இல்லை. ஆற்றில் கற்றவன் தண்ணீரைத் துழாவுவதுபோல் துழாவினேன். யாரும் கவலைப்படவில்லை, கரை சேர்ந்தால் போதும். நீச்சல் தெரியாதவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு மாதம் குளத்துக்குப் போய்விட்டு வருவது நல்லது. அங்கே போய்க் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. ஒரு டெர்ம் என்பதே எட்டு வாரம்தான்.

அடுத்தது எர்க். உட்கார்ந்து இழுக்கும் இயந்திரம். பெரும்பாலும் கான்செப்ட்2 நிறுவனத்துடையது. ஓரத்தில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் இருக்கும். புதிதாக வருகிற ஆண் பிள்ளைகள் எல்லோரும் அதை 10-இல் வைப்பார்கள், நானும் வைத்தேன். உள்ளே இருப்பது காற்றாடி. நெம்புகோல் அதற்குள் போகும் காற்றின் அளவைத்தான் மாற்றுகிறது. நீங்கள் எவ்வளவு விசையாக இழுக்கிறீர்களோ அவ்வளவுக்கு அது எதிர்க்கும். 4 அல்லது 5-இல் வைத்தால் முதுகு பிழைக்கும்.

தேர்வு 2,000 மீட்டர். திரையில் ‘ஸ்ப்ளிட்’ என்று ஓர் எண் ஓடும். இதே வேகத்தில் போனால் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதே அது. பக்கத்தில் இருந்தவன் 1:50 காட்டினான் என்பதற்காக நான் 1:48-இல் ஆரம்பித்தேன். 600 மீட்டர் வரை நான்தான் ராஜா. அப்புறம் தொடை கல்லானது, கண் முன்னால் எண்கள் 2:15, 2:20 என்று ஏறின. 8:38-இல் முடித்துத் தரையில் கிடந்தேன். தமிழில் துடுப்பு ‘வலிப்பது’ என்கிறோமே, அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் அன்றைக்குத்தான் விளங்கின. ஐந்து வாரம் கழித்து அதே இயந்திரத்தில் 8:06 வந்தது. உடம்பு ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. முதல் 500 மீட்டரை 2:03-இல் அடக்கிப் போனேன், நடுவில் அதைப் பிடித்துக்கொண்டேன், கடைசி 400 மீட்டரில் இருந்ததைக் கொட்டினேன், அவ்வளவுதான். முதல் தேர்வுக்கு முன்னால் ஒரே ஒரு நாள் 1,000 மீட்டர் ஓட்டிப் பார்த்து உங்கள் வேகத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்.

தண்ணீரில் இறங்கியபோது எர்க்கில் கற்றதில் பாதி உதவவில்லை. எட்டுப் பேர் படகு பதினேழு பதினெட்டு மீட்டர் நீளம்; அகலமோ உட்கார்ந்தால் இடுப்புக்குச் சரியாக இருக்கும். துடுப்புகள்தான் அதைச் சாயாமல் பிடிக்கின்றன. போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். எதிரே பார்ப்பவர் காக்ஸ் ஒருவர்தான். ஆளுக்கு ஒரு துடுப்பு. கால் தள்ளும், அப்புறம் உடம்பு சாயும், கடைசியில் கை மடங்கும். திரும்பும்போது கை, உடம்பு, கால் என்று தலைகீழ் வரிசை. நான் நினைத்திருந்ததுபோல் இது கைவேலை இல்லை. பாதி பலத்துக்கு மேல் காலிலிருந்துதான் வருகிறது.

இரண்டாம் வாரம் துடுப்பின் அலகு தண்ணீருக்குள் கோணலாக இறங்கி மாட்டிக்கொண்டது. படகு முன்னே போக, கைப்பிடி என் நெஞ்சில் வந்து அறைந்தது. இதற்கு அங்கே ‘நண்டு பிடிப்பது’ என்று பெயர். எல்லோருக்கும் நடக்கும், யாரும் இதை வைத்துக் கழித்துவிட மாட்டார்கள்.

என்னைக் கிட்டத்தட்டக் கழித்தது வேறொரு பழக்கம். வலித்து முடித்ததும் சறுக்கும் இருக்கையில் சர்ரென்று முன்னால் வந்துவிடுவேன். சுறுசுறுப்பு என்று நினைப்பு. கரையில் சைக்கிளில் கூடவே வந்த சீனியர் மாணவி கத்தினார்: “மூன்றாம் இருக்கை, நீ எல்லோருக்கும் முன்னால் போய் யாருக்காகக் காத்திருக்கிறாய்?” எட்டு உடம்பும் ஒரே சீராக, மெதுவாக முன்னே வரும்போதுதான் படகு தானாக ஓடும், ஒருவர் பாய்ந்து வந்து காலால் முட்டினால் ஓட்டத்துக்கு பிரேக் போட்ட மாதிரி. இறங்கியதும் அவரே வந்து, “திரும்பித் துடுப்பைப் பார்க்காதே. உன் முன்னால் இருப்பவரின் தோளை மட்டும் பார். அது அசையும்போது நீ அசை” என்றார். ஆள் எடுப்பவர்கள் பார்ப்பது இதைத்தான் என்று பின்னால் புரிந்தது. என்னைவிட அரை நிமிடம் வேகமாக எர்க் இழுத்த ஒருவர், சொன்னதைக் கேட்காததாலும் இரண்டு முறை வராமல் போனதாலும் எந்தப் படகிலும் இடம் பெறவில்லை. எட்டில் ஒருவர் வராவிட்டால் மற்ற ஏழு பேர் விடிகாலையில் எழுந்து வந்தது வீண். அதை யாரும் மறக்க மாட்டார்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. தொளதொள சட்டை வேண்டாம், இருக்கையின் சக்கரத்தில் மாட்டும். மெல்லிய உடுப்பாக மூன்று அடுக்கு போடுங்கள். ஐந்து நிமிடத்தில் வியர்க்கும், நின்றால் நடுங்கும். கையுறை போட மாட்டார்கள், கொப்புளம் வந்தே தீரும். விரல்களால் கொக்கிபோல் பிடித்தால் குறையும், இறுக்கிப் பிடித்தால் உரியும். உரிந்த விரலால் எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு ரசம் சாதம் சாப்பிட்டுப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க ஸ்பூன்தான். ஆறு மணிப் படகுக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஒரு வாழைப்பழமாவது போதும். நாங்கள் வலிக்கும் கேம் நதிக்குக் கொடி நிலவரம் உண்டு; படகு இறக்கலாமா என்பதைக் கொடியின் நிறம் சொல்லும். முந்தின இரவே பார்த்துவிடுங்கள். சிவப்பு என்றால் தூங்கலாம். இன்னொன்று, பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் காசுக்காக விளையாடவோ பயிற்சி கொடுக்கவோ கூடாது. கிளப்பில் சும்மா வலிப்பதற்குத் தடை இல்லை.

படிப்பு? முதல் மூன்று வாரம் கூப்பிட்ட எல்லாவற்றுக்கும் போனேன். ஒன்பது மணிக் கருத்தரங்கில், அதுவும் முன்வரிசையில், தூங்கி விழுந்தேன். அப்புறம் வாரத்துக்குத் தண்ணீரில் இரண்டு நாள், எர்க்கில் ஒரு நாள், அதற்கு மேல் முடியாது என்று கேப்டனிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்ததுதான் மிச்சம். எந்த நாள் முடியும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடு, அது போதும் என்றார். கட்டுரைக் கெடுவை டெர்ம் தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நவம்பரில் பட்டியல் வந்தது. இரண்டாவது நாவிஸ் படகு, மூன்றாம் இருக்கை; என் பெயரில் ஓர் எழுத்து காணாமல் போயிருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஃபேர்பேர்ன் கோப்பை, கல்லூரிப் படகுகளுக்கான பந்தயம். கேம் குறுகலான ஆறு, பக்கம் பக்கமாக ஓட்ட இடமில்லை. ஒவ்வொரு படகாக விட்டு நேரம் கணக்கிடுவார்கள். கரையில் யார் யாரோ கத்தினார்கள். எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்றே தெரியவில்லை. நாலாம் இருக்கைக்காரரின் சட்டை லேபிள் கழுத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பந்தயம் முடியும்வரை நான் பார்த்தது அதைத்தான்.