அரை வீசை இஞ்சி

2019 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை. பர்மாவின் சுதந்திர தின லீவு. முந்தின இரவு யாங்கோனில் பஸ் ஏறி, விடியற்காலை நாலரைக்குக் கலோவில் இறங்கினோம். வாயைத் திறந்தால் புகை வந்தது. ஊர் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்களைப் போன்ற யாங்கோன்காரர்களுக்கு ஸ்வெட்டர் என்பது ஏசி பஸ்ஸுக்குள் போடுவதற்கு மட்டும்தான்.

நாங்கள் நாலு பேர்: நான், மாமா மகன், பகோவிலிருந்து வந்த அவனுடைய கூட்டாளி, எங்கள் தெரு டியூஷன் அண்ணன். கலோவிலிருந்து இன்லே ஏரி வரை மூன்று நாள் நடை. முதல் நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற இரண்டு நாளும் நான் என் கால்களைத் தவிர வேறெதையும் கவனிக்கவில்லை.

வழிகாட்டி ஒரு பெண், பாவோ என்கிற மலை இனத்தைச் சேர்ந்தவள். எங்களை "ஆகோ" என்றாள், நாங்கள் அவளை "ஞீமா" என்றோம். நம்ம அண்ணன், தங்கச்சிதான். காலில் சாதா ரப்பர் செருப்பு. நானோ ராத்திரிக் கடையில் பேரம் பேசி வாங்கிய புது மலையேற்ற ஷூவில் இருந்தேன். "இந்தச் செருப்போடவா ரெண்டு மலை ஏறப் போற?" என்று மச்சான் பர்மியத்தில் கேட்டான். அவள் என் ஷூவை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தாள்.

பைன் மரங்கள், அப்புறம் தேயிலை, அப்புறம் சிவப்பு மண். அந்த மண்ணைப் பார்த்ததும் டியூஷன் அண்ணன், "எங்க தாத்தா சொன்ன செம்மண் இதுதாண்டா" என்று ஆரம்பித்தார். அவருடைய தாத்தா ஊர் சிவகங்கைப் பக்கம்; அண்ணன் அதைப் பார்த்ததே இல்லை. மதியம் மலை உச்சியில் ஒரு நேபாளக் குடும்பத்தின் கடையில் சப்பாத்தி. வெள்ளைக்காரன் காலத்தில் ரோடும் ரயிலும் போட வந்தவர்களில் நேபாளிகள் இருந்தார்கள், இந்தியர்களும் இருந்தார்கள். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தேன். கடைக்கார அக்கா தானாகவே ஊறுகாய் கொண்டுவந்து வைத்தார்.

மியின்டைக் ஸ்டேஷனுக்குப் போகிற வழி கொஞ்ச தூரம் தண்டவாளத்திலேயே போகிறது. தாஸியிலிருந்து ஷ்வேஞாவுங் போகிற லைன். மலையில் இன்ஜின் முன்னே போய், பின்னே வந்து, ஏணிப்படி மாதிரி ஏறுகிற ரயில் அது. ஊர் ஜனங்களுக்கு அந்தத் தண்டவாளம்தான் நடைபாதை. கட்டைக்குக் கட்டை எட்டு வைத்துப் போகும்போது என் வலது கால் திடீரென்று லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஷூவின் அடிப்பாகம் இரண்டு கட்டைக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கிறது.

பகோக்காரன் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. "போன வருஷம் தீமிதி இறங்கின காலுதானே, வெறுங்காலோட நட" என்றான். ஜல்லிக்கல்லில் நடந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். தீமிதியாவது பத்து எட்டில் முடிந்துவிடும்.

நொண்டிக்கொண்டே அடுத்த கிராமத்துக்குப் போனால் பள்ளிக்கூடத் திடலில் ஒரே கூச்சல். சுதந்திர தின விளையாட்டு. சாக்குக்குள் கால் விட்டு ஓடுவது, குறுக்கே கட்டிய மூங்கிலில் உட்கார்ந்து தலையணையால் அடித்துக்கொள்வது, நம்ம வழுக்கு மரம் மாதிரியே எண்ணெய் தடவிய கம்பத்தில் ஏறுவது. மச்சான் தலையணைச் சண்டைக்கு ஏறி, பத்து வயசுப் பையனிடம் ஒரே அடியில் விழுந்தான். அதற்குக் கிடைத்த கைதட்டல் ஜெயித்தவனுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

நான் ஓரமாக உட்கார்ந்து பிய்ந்த ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்து, எதுவும் கேட்காமல் அதைக் கையில் வாங்கினார். இடுப்புக் கத்தியை உருவி, ஒரு பச்சை மூங்கில் துண்டைக் கால் கட்டைவிரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு கிழித்தார். முதலில் விரல் அகலம், அதில் பாதி, அதிலும் பாதி. வெளித்தோலை மட்டும் தனியாக உரித்து வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. இந்த நாரை ஹ்னீ என்பார்கள். ஷூவைச் சுற்றி இரண்டு சுற்று, பாதத்துக்குக் கீழே ஒரு குறுக்கு. கடைசியில் முடிச்சே போடவில்லை. நுனியை முறுக்கி உள்ளே செருகினார், அவ்வளவுதான். காசு நீட்டினேன். வாங்கவில்லை, ஆனால் மச்சான் பாக்கெட்டிலிருந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

அப்புறம் ராத்திரி தங்கப்போகிற யுவாபு கிராமம் வரைக்கும் ஏற்றமும் இறக்கமும்தான். அதைச் சொல்ல ஒன்றுமில்லை. மிளகாய் காயப்போட்ட பாய்களைத் தாண்டித் தாண்டிப் போனோம். நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

தங்கிய வீட்டில் கீழே இஞ்சி மூட்டை, மேலே அடுப்பு. பாட்டிக்குப் பர்மியம் வராது, பாவோ மட்டும்தான். அவர் சொல்வதை ஞீமா பர்மியத்தில் சொல்வாள். அடுப்புச் சூட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்த டியூஷன் அண்ணனுக்கு நான் அதைத் தமிழில் சொல்வேன். பாவோக்களுக்குத் தாய் ஒரு நாகம், தகப்பன் ஒரு வெய்ஸா என்று கதை. பாட்டியின் தலைப்பாகை அந்த நாகத்தின் தலையாம். வெய்ஸாவுக்குத் தமிழில் என்ன என்று யோசித்து, "சித்தர்" என்றேன். அண்ணன் கண்ணைத் திறந்து, "அப்ப நம்ம ஆளு" என்றார்.

பாட்டி ரொம்ப நேரம் எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஞீமா வழியாகக் கேட்டார்: "இங்கே மோட்டார் சைக்கிள் வருமே. ஏன் நடந்து வந்தீங்க?" ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

காலையில் கிளம்பும்போது தராசைத் தூக்கி அரை வீசை இஞ்சி நிறுத்துக் கொடுத்தார். பர்மியத்தில் பெய்த்தா, நமக்கு வீசை; ஒரு வீசை 1.63 கிலோ. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இன்லே வரை இரண்டு நாள் அதைச் சுமந்தேன். மூங்கில் நார் கடைசிவரை அவிழவில்லை.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினேன். அம்மா ஒரு இஞ்சியை ஒடித்து முகர்ந்து பார்த்தார்.

"நல்ல இஞ்சிதான். ஆனா இது திரி மிங்கலா சந்தையிலேயே கெடைக்குமேடா."